பியெர்தான்: மூன்று மதில் சுற்றும் கைமாறிய வீடுகளும்

ருமேனியாவின் திரான்சில்வேனியாப் பகுதியில், ஜெர்மன் பேசும் சாக்சன் மக்களின் ஊர்களில் முன்பு ஒரு சின்னப் பலகை வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும். மரத்தில் செதுக்கியது. சில ஊர்களில் இதய வடிவில் இருக்கும், சில ஊர்களில் கேடயம் மாதிரி. தெருவில் ஒரு சாவு, ஊர்க்கிணற்றைத் தூர்வார வேண்டும், நாளைக்கு ஒரு வீட்டில் உத்திரம் ஏற்ற ஆள் வேண்டும், எதுவாக இருந்தாலும் செய்தி அந்தப் பலகையோடுதான் கிளம்பும். வாங்கியவர் செய்தியைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பலகையைக் கொடுத்துவிட வேண்டும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று அந்தப் பலகைகள் அருங்காட்சியக அலமாரிகளில் இருக்கின்றன. தட்டிய கதவுகள் பல ஊர்களில் அப்படியே நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள்தான் வேறு. அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று பியெர்தான்.

படங்களில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். ஊர் நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் கோட்டை மாதிரி ஒரு தேவாலயம், கீழே சிவப்பு ஓட்டு வீடுகள். ருமேனியாவுக்குப் போகிறவர்களைக் கூட்டிப் போகும் பேருந்துகள் தவறாமல் நிற்கிற இடம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது கட்டடம் மட்டும்தான். இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், கட்டியவர்கள் யார், ஏன் கட்டினார்கள், எப்போது, எதனால் கிளம்பினார்கள், அவர்கள் விட்டுப்போன வீடுகளில் இப்போது யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். எனக்குக் கோட்டையைவிட இந்தக் கேள்விகள்தான் பெரிதாகப் படுகின்றன.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ருமேனியாவில் புகாரெஸ்ட் தலைநகரைத் தவிர 41 மாவட்டங்கள் உண்டு. மாவட்டத்துக்குள் நகரங்கள் தனி, கிராமப்புறம் தனி. கிராமப்புறத்தின் நிர்வாக அலகுக்குக் கொமூனா என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் ஊராட்சி. நாடு முழுக்க 2,800க்கும் மேற்பட்ட கொமூனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில ஊர்கள் அடங்கும். தேர்தலில் வரும் ஊர்த் தலைவருக்கு ப்ரிமார் என்று பெயர். அவரும் உள்ளூர் மன்றமும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். சிபியு மாவட்டத்தின் வடக்கில் இருக்கும் பியெர்தான் கொமூனாவில் மூன்று ஊர்கள்: பியெர்தான், ரிக்கிஷ், கோப்ஷா மாரே. மூன்றுக்கும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 2,500.

இந்தப் பக்கம் முழுக்கக் குன்றுகள்தான். மலை என்று சொல்லுமளவுக்கு உயரமில்லை, சமவெளி என்றும் சொல்ல முடியாது. தர்னாவா மாரே ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடி, தர்னாவா மிக்கா ஆற்றோடு கூடிப் பிறகு முரேஷ் ஆற்றில் சேர்கிறது. மெடியாஷ், சிகிஷ்வாரா என்ற இரண்டு பழைய நகரங்களும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் சாலையில் ஷாரோஷ் என்ற ஊரில் தெற்காகத் திரும்பி, ஓடைப் பள்ளத்தாக்கு வழியாகப் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் போனால் பியெர்தான் வரும். அதற்கும் தெற்கே ரிக்கிஷ். கிழக்கே ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் உள்ளே கோப்ஷா மாரே. குன்றுகளின் மேல்பகுதியில் ஓக், பீச் மரக்காடு. கீழ்ச்சரிவில் புல்வெளி. பள்ளத்தாக்கின் அடியில் சோளம், காய்கறித் தோட்டம், அப்புறம் வீடுகள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். ருமேனிய மொழியில் மாரே என்றால் பெரிய, மிக்கா என்றால் சின்ன. கோப்ஷா மிக்கா என்ற ஊர் மெடியாஷுக்கு மேற்கே இருக்கிறது. அச்சு மைக்கும் டயருக்கும் வேண்டிய கரித்தூள் செய்த ஆலையும் ஈய, துத்தநாக உருக்காலையும் அங்கேதான் இயங்கின. 1990 வாக்கில் ஐரோப்பாவிலேயே மிக மோசமாக மாசுபட்ட ஊர்களில் ஒன்று என்று அதன் கறுத்த கூரைகளின் படங்கள் உலகமெங்கும் போயின. கோப்ஷா மாரேவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'சின்ன' கோப்ஷா தொழில் நகரமானது, 'பெரிய' கோப்ஷா பள்ளத்தாக்கின் மூலையில் ஒரு அமைதியான கிராமமாகவே இருந்துவிட்டது.

அதற்கு ஒரு காரணம் ரயில். 1870களில் இந்தப் பகுதிக்கு வந்த ரயில் பாதை தர்னாவா ஆற்றை ஒட்டியே போனது. மெடியாஷுக்கு ரயில் கிடைத்தது, பிற்பாடு இயற்கை எரிவாயுத் தொழிலும் கிடைத்தது. குன்றுகளுக்குள் ஒளிந்திருந்த பியெர்தானுக்கு இரண்டும் இல்லை. பழைய தெருக்கள் இடிபடாமல் மிஞ்சியதற்கும், பிழைப்புக்கு வெளியே போகவேண்டி வந்ததற்கும் ஒரே காரணம்தான்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். 1775இல் பியெர்தான் பக்கத்துக் காட்டில் வெண்கலத்தில் செய்த ஒரு பொருள் கிடைத்தது. கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துக் கோலம் பொறித்த வட்டத் தகடு ஒன்றும், துளையிட்டு வெட்டிய லத்தீன் எழுத்துகள் கொண்ட பலகை ஒன்றும். 'சேனோவியுஸ் ஆகிய நான் இந்தக் காணிக்கையைச் செலுத்தினேன்' என்பது அந்த வாசகம். காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டு. ரோமானியப் படைகள் 270களில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய டாசியா மாகாணத்தை விட்டு விலகிவிட்டன. படை போன பிறகும் லத்தீன் பேசும் கிறிஸ்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ருமேனிய வரலாற்றாசிரியர்கள் காட்டும் முக்கியமான சான்று இது. வேறெங்கோ செய்து கொண்டுவரப்பட்ட பொருளாக இருக்கலாமே என்று மறுப்பவர்களும் உண்டு. 'இந்த மண்ணில் முதலில் இருந்தது யார்' என்பது திரான்சில்வேனியாவில் வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. ருமேனியரும் ஹங்கேரியரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமல் வாதாடும் வழக்கு அது. அதில் இந்த வெண்கலத் துண்டும் ஒரு சாட்சி. இப்போது அது சிபியுவின் ப்ரூக்கெந்தால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று நாம் பார்க்கும் ஊரை உண்டாக்கியவர்கள் அதற்கு வெகு காலம் கழித்து வந்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா தம் கிழக்கு எல்லையில் ஆள் குடியேற்ற நினைத்தார். ரைன், மோசெல் ஆற்றுப் பகுதிகளிலிருந்தும் இன்றைய லக்சம்பர்க் பக்கமிருந்தும் உழவர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். ஆவணங்கள் அவர்களைச் 'சாக்சன்' என்றே குறித்தன. பெரும்பாலானவர்கள் சாக்சனி நாட்டிலிருந்து வந்தவர்களே இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய பேச்சுவழக்கு இன்றும் லக்சம்பர்க் மொழிக்கு நெருக்கமாக இருக்கிறது. 2007இல் சிபியுவும் லக்சம்பர்கும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களாக இருந்தது நினைவிருக்கலாம். அந்த உறவுக்குப் பின்னால் எண்ணூறு ஆண்டுப் பேச்சுமொழி இருக்கிறது.

1224இல் மன்னர் இரண்டாம் ஆந்த்ராஷ் சிபியு பகுதிச் சாக்சன்களுக்கு ஓர் உரிமைப் பட்டயம் கொடுத்தார். தங்கள் நீதிபதியையும் பாதிரியாரையும் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். வரியை ஒரே தொகையாக மன்னருக்கு நேரே கட்டலாம். நடுவில் நிலப்பிரபு யாரும் கிடையாது. பியெர்தான் எழுத்தில் முதன்முதலாக வருவது 1283இல், தேவாலயத் தசமபாகம் பற்றிய ஓர் ஆவணத்தில். ஜெர்மன் பெயர் பிர்தெல்ம், ஹங்கேரியப் பெயர் பெரெத்ஹலொம். அந்தப் பட்டயத்தின் உரிமைகள் மெடியாஷ் சுற்றுவட்டாரத்துக்கு 1315இல்தான் கிடைத்தன.

நிலப்பிரபு இல்லை என்ற இந்த ஒரு விஷயம்தான் பியெர்தானின் கோட்டைக்குச் சாவி. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் கோட்டை என்றால் அது ஒரு பிரபுவின் வீடு. எதிரி வந்தால் குடியானவர்கள் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். சாக்சன் நிலத்தில் பிரபுவும் இல்லை, அவர் கோட்டையும் இல்லை. ஊராருக்குப் பொதுவாக இருந்த ஒரே பெரிய கல்கட்டடம் தேவாலயம். அதனால் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கிழக்கே சில பள்ளத்தாக்குகள் தள்ளி இருக்கும் மலான்க்ராவும் சாக்சன் ஊர்தான். ஆனால் அது அப்பாஃபி என்ற பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே பிரபுவுக்கு மாளிகை, குடிகளுக்கு அடிமைச் சேவகம். பியெர்தான்காரர்கள் தங்களுக்குத் தாங்களே எஜமானர்கள். எனவே காவல் செலவும் அவர்கள் தலையில்தான்.

காவல் உண்மையாகவே தேவைப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஓட்டோமான் துருக்கியப் படைகள் தெற்குக் கணவாய்கள் வழியாகத் திரும்பத் திரும்ப வந்தன. 1438இல் வந்த படையெடுப்பு சாக்சன் நிலத்தையே உலுக்கியது. பிடிபட்டவர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக ஓட்டிச் சென்றார்கள். அதற்குப் பிறகு இப்பகுதியில் ஊர் தவறாமல் மதில் எழுந்தது. அப்படி எழுந்தவற்றில் நூற்றைம்பது அளவில் இன்னும் நிற்கின்றன.

பியெர்தானின் இப்போதைய தேவாலயம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1520களில் முடிந்தது. அப்போது ஊருக்கு மிடுக்கு இருந்தது. சந்தை நடத்தும் உரிமை இருந்தது. வட்டாரத்தின் தலைமை யாருக்கு என்று மெடியாஷோடும் பக்கத்து ஊரான மோஷ்னாவோடும் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. தேவாலயத்தை இவ்வளவு பெரிதாகக் கட்டியதில் அந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு. போட்டியில் கடைசியில் மெடியாஷ் ஜெயித்து நகரமானது, பியெர்தான் கிராமமாகவே நின்றது. கிராமத்துக்குப் பொருந்தாத அளவில் அந்தத் தேவாலயம் மட்டும் மிஞ்சியது. பலிபீடத்தில் 28 ஓவியப் பலகைகள். சுற்றிலும் மூன்று அடுக்கு மதில், இடையிடையே கோபுரங்கள். கீழிருந்து மேலே போக மரக்கூரை போட்ட படிக்கட்டு.

உள்ளே பொருள்கள் வைக்கும் சிறு அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1515ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெளிப்பக்கம் பல நிற மரத் துண்டுகளை இழைத்துச் செய்த சித்திர வேலை. உட்பக்கம் முழுக்க இரும்பு. ஒரே சாவித்துவாரம். சாவியைத் திருப்பினால் நடுவிலிருக்கும் பொறி சுற்றி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தாழ்கள் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சட்டத்துக்குள் பாய்கின்றன. ஊர்ப் பணமும் வெள்ளிப் பாத்திரங்களும் ஆவணங்களும் அதன் உள்ளே இருந்தன. 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இந்தப் பூட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். செய்து கிட்டத்தட்ட நானூறு ஆண்டு ஆன பூட்டு, புதுமைகளைக் காட்டும் கண்காட்சியில் கூட்டத்தை நிறுத்தியிருக்கிறது. இதைச் செய்தவர்கள் அரசவைப் பொறியாளர்கள் இல்லை, ஊர்க் கைவினைஞர்கள். சாக்சன் ஊர்களின் தொழில்திறம் எந்த அளவில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன காட்ட முடியும்?

கோட்டையின் கிழக்குப் பக்கத்தில் இன்னொரு அறை உண்டு. பயணிகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. பிரிய வேண்டும் என்று வந்த கணவன் மனைவியை இரண்டு வாரம் அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. முந்நூறு ஆண்டில் ஒரே ஒரு ஜோடிதான் பிரிந்தது என்று கதை சொல்வார்கள். கணக்கு எவ்வளவு சரியோ, கதை ஒன்றைச் சரியாகச் சொல்கிறது. சாக்சன் ஊரில் குடும்பச் சண்டைகூடக் குடும்பத்தோடு நிற்காது, ஊர் உள்ளே வரும். ஒரு வீடு உடைந்தால் உழவுக்கும் காவலுக்கும் ஓர் ஏர் குறையும் என்ற கவலை அது. ஊர் சேர்த்துவைத்தது என்று பாராட்டுகிறவர்கள், அடிபட்டு ஓடிவந்த மனைவிக்கும் அதே பூட்டுத்தானே என்பதையும் யோசிக்க வேண்டும்.

தேவாலயம் கட்டி முடித்த சில பத்தாண்டுகளுக்குள் மதம் மாறியது. லூத்தரின் சீர்திருத்தம் ப்ராஷோவ் நகரம் வழியாக வந்து, 1550 வாக்கில் சாக்சன்கள் ஒட்டுமொத்தமாக லூத்தரன் ஆனார்கள். 1572இல் பியெர்தான் பாதிரியார் லூக்காஸ் உங்லேருஸ் பேராயரானார். சிபியுவுக்கோ மெடியாஷுக்கோ போகாமல் பியெர்தானிலேயே இருந்துகொண்டார். அது அப்படியே வழக்கமாகி 1867 வரை தொடர்ந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஒரு மக்களினம் முழுவதன் பேராயர் பீடம் ஒரு கிராமத்தில் இருந்தது. அந்தப் பேராயர்களின் உருவம் செதுக்கிய கல்லறைக் கற்கள் இன்று கோட்டைக் கோபுரம் ஒன்றில் வரிசையாக நிற்கின்றன.

இவ்வளவும் கல். கல்லைக் கட்டிக் காத்தது அந்தப் பலகை. தெருவாரியாக வீடுகள் சேர்ந்த அமைப்புக்கு நாக்பார்ஷாஃப்ட் என்று பெயர், அண்டைக் கூட்டு என்று சொல்லலாம். அதற்கு எழுதிவைத்த விதிகள் உண்டு, பொதுப் பெட்டி உண்டு, 'அண்டைத் தகப்பன்' என்று ஒரு தலைவர் உண்டு. வீடு கட்டினால் கைகொடுப்பது, தீப்பிடித்தால் ஓடிவருவது, சவக்குழி வெட்டுவது, கிணறு பார்ப்பது எல்லாம் கூட்டின் கடமை. வராதவருக்கு அபராதம். ஆண்டுக்கு ஒருநாள் கூடிக் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது மனஸ்தாபம் உள்ளவர்கள் எல்லார் முன்னாலும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இப்பகுதிக் கோட்டைகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்புக் கோபுரம் என்றே ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் உப்புக்கண்டத்தை அங்கே தொங்கவிடும், முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். வீட்டில் வைத்தாலும் கெடாது. ஆனாலும் கொண்டுபோய்க் கோட்டையில் வைத்தார்கள், ஏனென்றால் முற்றுகை எப்போது வரும் என்று தெரியாது. ஆபத்து நின்று நூற்றாண்டுகள் ஆன பிறகும் சில ஊர்களில் இந்த வழக்கம் நிற்கவில்லை.

வீடுகளின் அமைப்பிலும் இதைப் பார்க்கலாம். குறுகிய முகப்பு தெருவைப் பார்த்திருக்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உயர்ந்த சுவரும் பெரிய மரக்கதவும். உள்ளே நீண்ட முற்றம், கடைசியில் முற்றத்தை அடைத்து நிற்கும் தானியக் கொட்டகை, அதன் பின்னால் தோட்டம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே தொடர்ச்சுவர்தான் தெரியும்.

இந்தச் சுவர் மற்றவர்களை வெளியிலும் வைத்தது. அதைச் சொல்லாமல் சாக்சன் ஊரின் ஒற்றுமையை மட்டும் பாடுவது நியாயமில்லை. ருமேனியர்கள் இந்த நிலத்தில் பல தலைமுறையாக வாழ்ந்தார்கள். பெரும்பாலும் ஊரின் விளிம்பில், ஆடு மேய்த்தும் கூலிவேலை செய்தும். சாக்சன் நிலத்தில் சொத்து வாங்கும் உரிமையைச் சாக்சன்கள் தங்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். அப்போது திரான்சில்வேனியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசெஃப் 1781இல் போட்ட ஆணைதான் அதை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. சாக்சன் தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரோமா மக்கள் இன்னும் விளிம்பில், ஊர்க்கோடிக் குடிசைகளில், கொல்லு வேலையும் செங்கல் அறுப்பும் வாத்தியமும் அவர்கள் பிழைப்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சில் தண்ணீர் இன்னும் 'பானி'தான்.

ஊரின் வருமானம் திராட்சை ரசம். தர்னாவா ஆறுகளை ஒட்டிய குன்றுகளைச் சாக்சன்கள் 'ஒயின் நாடு' என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபைலோக்சேரா என்ற பேன் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. பியெர்தானும் தப்பவில்லை. மறுபடி நட்டார்கள், ஆனால் பழைய அளவு திரும்பவில்லை. இன்றும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது சரிவுகளில் படிப்படியாகப் பழைய திராட்சை வரப்புகள் தெரியும். இப்போது அவற்றின் மேல் புல்லும் முள்ளும் வளர்ந்திருக்கின்றன.

முதல் உலகப் போருக்குப் பின் திரான்சில்வேனியா ருமேனியாவோடு சேர்ந்தது. 1919 ஜனவரியில் சாக்சன் பிரதிநிதிகள் மெடியாஷில் கூடி அந்த இணைப்பை ஏற்றார்கள். எண்ணூறு ஆண்டில் மன்னர்கள் பலரைப் பார்த்தவர்கள், இதையும் ஒரு மாற்றமாகத்தான் பார்த்திருப்பார்கள். 1930 கணக்கெடுப்பில் ருமேனியா முழுவதும் சுமார் 7,45,000 ஜெர்மானியர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாக்சன்கள். அடுத்த அறுபது ஆண்டில் எல்லாம் போனது.

1943இல் ருமேனிய அரசும் ஹிட்லர் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பல்லாயிரம் ஜெர்மானிய இளைஞர்கள் ருமேனியப் படைக்குப் பதில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார்கள். நாஜிக் கொள்கை அவர்களுடைய பள்ளிகளுக்குள்ளும் சங்கங்களுக்குள்ளும் முன்பே புகுந்திருந்தது. இந்தப் பக்கத்தை மறைக்கக் கூடாது. 1944 ஆகஸ்ட் 23இல் ருமேனியா ஜெர்மனியை விட்டு சோவியத் பக்கம் அணி மாறியது. 1945 ஜனவரியில் சோவியத் கட்டளைப்படி 17 முதல் 45 வயது வரையிலான ஜெர்மானிய ஆண்களையும், 18 முதல் 30 வயது வரையிலான பெண்களையும் ஊர் ஊராகத் திரட்டினார்கள். போரில் என்ன செய்தார்கள் என்று யாரையும் கேட்கவில்லை, ஜெர்மன் பெயர் போதுமானதாக இருந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள தாய்க்கு மட்டும் விலக்கு. குழந்தைக்கு ஒன்றரை வயது என்றால் தாயும் ரயிலேற வேண்டும். குழந்தை பாட்டியிடம். நாடு முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் சரக்கு ரயில்களில் கொண்டுபோகப்பட்டார்கள், அதிகம் பேர் சோவியத் உக்ரைனின் டான்பாஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு. பல ஆயிரம் பேர் அங்கேயே செத்தார்கள். திரும்பியவர்கள் வந்து பார்த்தபோது நிலம் பறிபோயிருந்தது. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுப்பண்ணை வந்து, மிச்சமிருந்தவர்களின் நிலமும், ருமேனிய உழவர்களின் நிலமும்கூட, சேர்ந்தே போனது.

நிலம் போனபின் ஊரில் இருப்பதற்கான காரணம் தேய ஆரம்பித்தது. மேற்கு ஜெர்மனி அவர்களை ஏற்கத் தயாராக இருந்தது. ருமேனிய அரசு அதை ஒரு வியாபாரமாக்கியது. 1960களின் கடைசியிலிருந்து 1989 வரை, ஆள் ஒருவருக்கு இவ்வளவு ஜெர்மன் மார்க் என்று மேற்கு ஜெர்மனி ரகசியமாகப் பணம் கட்டியது. படித்தவருக்கு ஒரு விலை, படிக்காதவருக்கு ஒரு விலை என்றும் இருந்தது. 1978இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் புகாரெஸ்ட் வந்த பிறகு ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று ஏற்பாடானது. மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் போனார்கள். போகிறவர் வீட்டை விற்க முடியாது. 1974ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, அரசு வைத்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். தாத்தா பெயரும் ஆண்டும் எழுதிய முகப்பு அரசுச் சொத்தானது.

1988இல் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு, நாட்டின் சுமார் 13,000 கிராமங்களில் பாதிக்கும் மேல் இடித்துவிட்டு மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் அவர் ஆட்சி கவிழ்ந்ததால் பெரும்பாலும் அது நடக்கவில்லை. ஆனால் எல்லை திறந்ததும் சாக்சன்கள் நிற்கவில்லை. 1990 என்ற அந்த ஒரே ஆண்டில் ருமேனியாவிலிருந்து சுமார் 1,11,000 ஜெர்மானியர்கள் கிளம்பினார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் போக, இன்னொருவர் போக, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைய, மிச்சமிருப்பவர் 'நான் மட்டும் யாரோடு இருப்பேன்' என்று கேட்க வேண்டி வந்தது. அண்டைக் கூட்டு வீட்டுக்கு வீடு கோத்த சங்கிலி. அதனால்தான் எண்ணூறு ஆண்டு தாங்கியது, அதனால்தான் இத்தனை வேகமாக அவிழ்ந்தது என்று நான் நினைக்கிறேன். சவக்குழி வெட்ட அண்டையார் நான்கு பேர் இல்லையென்றால் கிழவரும் கிளம்பத்தான் வேண்டும். சுமார் 3,59,000 என்று 1977இல் இருந்த ஜெர்மானியர் எண்ணிக்கை 1992இல் 1,19,000. 2021 கணக்கெடுப்பில் 23,000க்கும் குறைவு.

துருக்கிப் படைக்கு அஞ்சிக் கட்டிய மூன்று மதில்களையும் ஒருவரும் உடைக்கவில்லை. கடவுச்சீட்டோடு அவர்களே கதவைத் திறந்துகொண்டு போனார்கள்.

வீடுகள் சும்மா கிடக்கவில்லை. அதே ஊரின் விளிம்பில் இருந்த ருமேனியரும் ரோமா மக்களும், சுற்றுப்புறங்களிலிருந்து வந்தவர்களும் நடுத்தெருவுக்குக் குடிவந்தார்கள். இன்று கொமூனாவில் பெரும்பான்மை ருமேனியர். அடுத்து ரோமா மக்கள், கணக்கெடுப்பில் தங்களை அப்படிப் பதியாதவர்களும் உண்டு என்பதால் உண்மையான எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். ஹங்கேரியர் கொஞ்சம். சாக்சன் குடும்பங்கள் மிகச் சில. 'வந்தேறிகள் வீட்டைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற புலம்பல் இந்த ஊர்களைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டைக் கூரையின் கீழ் அரை ஏக்கர் நிலமும் ஒரு பசுவுமாக இருப்பவரிடம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுண்ணாம்புப் பூச்சை அதே முறையில் காக்கச் சொல்வது எப்படி நியாயம்? காக்க வேண்டுமென்றால் அதற்குக் கொத்தனாரும் பணமும் வேண்டும். பியெர்தானை யுனெஸ்கோ 1993இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் இன்னும் ஆறு ஊர்களையும் சேர்த்து விரிவாக்கியது. அதனால் தேவாலயத்துக்கு உதவி வந்தது, சில வீடுகள் விடுதிகளாயின. ரிக்கிஷிலும் கோப்ஷா மாரேவிலும் டச்சுக்காரர்கள், இத்தாலியர்கள் என்று மேற்கு ஐரோப்பியர் சிலர் பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டிருக்கிறார்கள். 1,400 கிலோமீட்டர் நீளமான திரான்சில்வேனிய நடைபாதை இந்த ஊர்கள் வழியாகப் போகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றாகச் செதுக்கிய மைல்கற்களோடு. வருமானம் வருகிறது, ஆனால் எல்லார் வீட்டுக்கும் வருவதில்லை.

ருமேனியாவின் மக்கள்தொகையே 1990இல் 2 கோடியே 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2021இல் 1 கோடியே 90 லட்சம். 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் வேலைக்கு வெளியே போவது எளிதானது. முதலில் இத்தாலி, ஸ்பெயின், பிறகு ஜெர்மனி. கட்டட வேலைக்கு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ள, ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரி பறிக்க. அப்படிப் போகிறவர்களுக்குக் 'கப்ஷுனாரி', அதாவது ஸ்ட்ராபெர்ரிக்காரர்கள் என்றே பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள்.

கிளம்பிப்போன சாக்சன்கள் ஜெர்மனியில் ஊர்வாரியாகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். கல்லறைகளைப் பராமரிக்கவும் கூரை மாற்றவும் பணம் அனுப்புகிறார்கள். பியெர்தானில் 1990களிலிருந்து பல ஆண்டுகள் செப்டம்பரில் சாக்சன்கள் கூடும் திருநாள் நடந்தது. கோடையில் வந்து தங்கிப் போகிறவர்களுக்குச் 'சொம்மர்சாக்சன்', கோடைச் சாக்சன் என்று பெயர். அதே கோடையில், ஆகஸ்ட் மாதத்தில்தான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் ருமேனியப் பிள்ளைகளும் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறார்கள். தேவாலயக் குன்றின் கீழே நிற்கும் கார்களில் பலவற்றுக்கு ஜெர்மன் எண்பலகை. எந்த வண்டி 1990இல் வீட்டை விட்டுப்போனவருடையது, எது அந்த வீட்டில் இப்போது இருப்பவரின் மகனுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது.